பண் சொல்லித்தர ஓர் ஓதுவார்: தேவார வகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அவிநாசிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிகத்தைப் பண்ணோடு, அதாவது அதற்கு உரிய பழைய ராகத்தோடு, பாடத் தெரிந்தவர் மூன்று வருஷம் முன்பு வரை ஊரில் ஒருவரும் இல்லை. இன்றைக்கு 23 பேர் இருக்கிறார்கள், அதில் 19 பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

சனி, ஞாயிறு மாலையில் ஊர்ப் பொது மடத்துக்கு, தேவாரம் பாடுவதையே தொழிலாகக் கொண்ட ஓதுவார் ஒருவர் வந்து சொல்லித்தருகிறார். போன வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘எற்றான் மறக்கேன்’ என்று எடுத்தாள். நன்றாகத்தான் பாடுகிறாள் என்று எங்களுக்குப் பட்டது. ஓதுவார் கையைத் தூக்கி நிறுத்தினார். “எற்றான்னு சொன்னதும் மூச்சு விட்டுட்டே கண்ணு. மறக்கேன் முடிஞ்சப்புறம் விடு.” தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நான்கு முறை பாடவைத்தார். ஐந்தாவது முறைதான் எங்கள் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது.

“யூட்யூப்ல எல்லாப் பதிகமும் இருக்குதுங்களே, வாத்தியார் எதுக்குங்க?” என்று நன்கொடைக்குப் போன இரண்டு மூன்று வீட்டில் கேட்டார்கள். போனில் பாட்டு வரும், சரி. அந்தப் பிள்ளை எங்கே மூச்சு விட்டாள் என்று போனுக்கு எப்படித் தெரியும்? தில்லையில் (சிதம்பரத்தில்) பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை, திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி மீட்ட பிறகும் பண் தெரியாமல்தான் நின்றார்கள். திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தர் பாட்டுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துப் பண் அமைத்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கையில் இருந்தும் ஆள் வேண்டியிருந்தது.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு வழி. வாசல் கூட்டுவது, பூத் தொடுப்பது எல்லாம் சரியை. அதை எங்கள் அப்பத்தாக்களே சொல்லித்தந்துவிட்டார்கள். சுந்தரருடையது யோகம், தோழமை வழி. திருமுருகன்பூண்டியில் வேடுவர் பொருளைப் பறித்தபோது, எதற்காக இங்கே இருக்கிறீர் என்று சாமியையே கேட்டுப் பாடியவர் அவர். பிள்ளைகளுக்கு அந்தப் பதிகம்தான் ரொம்பப் பிடித்தம்.

குரு என்றாலே சிலருக்குத் தயக்கம் வருகிறது. பார்த்ததையும் கேட்டதையும் வைத்து வருகிற தயக்கம்; தப்புச் சொல்ல முடியாது. தீட்சை தருகிற குரு வேறு, வித்தை தருகிற குரு வேறு. எங்கள் ஓதுவார் இரண்டாவது வகை. காலில் விழ வேண்டியதில்லை, வீட்டுப்பாடம் செய்தால் போதும். வயது 27. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் எங்கள் கமிட்டிப் பெரியவர்கள் நாலு பேரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுருவாக இருந்த அருணந்தி சிவாசாரியார், சிறுவராக இருந்த அவரிடமே மாணவராகச் சேரவில்லையா?

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். மடத்துக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. மழை பெய்தால் பாட்டே கேட்காது, சித்திரையில் உட்காரவே முடியாது. தளம் போட்டு இரண்டு ஃபேன் மாட்ட 2,80,000 ரூபாய் ஆகும் என்கிறார் மேஸ்திரி. ஓதுவாருக்கு மாதம் 15,000 வீதம் இரண்டு வருஷத்துக்கு 3,60,000. ஆக மொத்தம் 6,40,000. கையில் 1,90,000 இருக்கிறது, இன்னும் 4,50,000 வேண்டும்.

கும்பாபிஷேகம் என்றால் நம் பக்கம் பணம் தானாக வருகிறது. வாத்தியார் சம்பளம் என்றால் கை கொஞ்சம் யோசிக்கிறது. அதனால், முடிந்தவர்கள் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி. பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிற ஒரு அம்மா வாரம் 50 ரூபாய் கொண்டுவந்து தருகிறார். அப்படித் தந்தாலும் சந்தோஷம். செங்கல், மணல், சிமெண்டாகவும் தரலாம்.

கல்வெட்டில் பேர் போடுவதாக இல்லை, ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் மடத்துச் சுவரில் எழுதி ஒட்டுகிறோம். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது, எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்பதும் கிடையாது.

பணம் தருவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வந்தால் நல்லது. அப்போதுதான் பக்கத்து வீட்டு விசைத்தறியை நிறுத்துவார்கள்.

இப்படிக்கு,
தேவார வகுப்புக் கமிட்டியார்