ஒருதடவை ஈவுட் பார்க் போயிட்டு வாங்க மேடம்

வெங்கீஸ் கோழி குரூப்ப நடத்துற அனுராதா தேசாய் மேடத்துக்கு வணக்கம்ங்க.

நான் நாமக்கல்காரன். எங்க ஊர்ல பண்ணைக்காரங்க காலைல கேக்குற முதல் கேள்வியே இன்னைக்கு முட்டை ரேட் என்னங்கறதுதான், அந்த ரேட்டை சொல்ற என்இசிசிங்கற பண்ணைக்காரங்க அமைப்ப 1982ல ஆரம்பிச்சவரு உங்க அப்பா பி.வி.ராவ். கோழி வளர்க்கிறவன் ஒருத்தன், முட்டைக்கு விலை வைக்கிறவன் இன்னொருத்தன்னு கிடந்த காலத்துல அவரு ஊர் ஊரா போய் பண்ணைக்காரங்கள உக்காரவச்சு பேசினாரு. "என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை". அதனாலதான் 2010 நவம்பர்ல நீங்க 23 மில்லியன் பவுண்டுக்கு இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் பிளாக்பர்ன் ரோவர்ஸ வாங்கினப்ப எனக்கு அவ்ளோ பெருமை, அன்னைலருந்து நானும் ரோவர்ஸ் ரசிகன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அடுத்த மாசமே மேனேஜர் சாம் அலர்டைஸ தூக்கிட்டு ஸ்டீவ் கீன கொண்டுவந்தீங்க, டீம் அப்ப 13வது இடத்துல நல்லாத்தான் இருந்துச்சு. 2012 மே 7, விகன்கூட மேட்ச், ரோவர்ஸ் கொடிய போத்தின ஒரு கோழிய ரசிகர்கள் கிரவுண்டுக்குள்ள விட்டாங்க, அன்னைக்குத்தான் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்ல இருந்து இறங்கினோம். உலகமே சிரிச்சுது, கோழிய வச்சே பொழைக்கிற ஊர்க்காரன் எனக்கு சிரிப்பு வரல மேடம், அவங்க எவ்ளோ நொந்து போயிருந்தா அப்படி செய்வாங்கன்னுதான் தோணுச்சு. அடுத்த சீசன் இன்னும் மோசம். 1995ல சாம்பியன் ஆன டீம்ல ஆடின ஹென்னிங் பெர்க்க மேனேஜரா கூட்டிட்டு வந்து 57 நாள்ல அனுப்பினீங்க, அடுத்து வந்த மேனேஜர் ஆப்பிள்டனுக்கு 67 நாள். 2017ல மூணாவது டிவிஷனுக்கே போயாச்சு, நல்லவேளை மேனேஜர் மௌப்ரே ஒரே வருஷத்துல மேல கொண்டுவந்தாரு.

நீங்க பணம் போடலன்னு நான் சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் நஷ்டத்த உங்க குடும்பம்தான் தாங்குது, நடுவுல காசு அனுப்பவே டெல்லி ஹைகோர்ட் பர்மிஷன் வாங்க வேண்டி இருந்துச்சு, எல்லாம் படிச்சேன். ஆனா அங்க இருக்கிற ரசிகர்கள் கேக்குறது காசு மட்டும் இல்ல. வருஷக்கணக்கா ஓனர்ங்க யாரும் மேட்ச் பாக்க வரலைங்கறதுதான் அவங்களோட பெரிய ஆத்திரம். 1995 கப்புக்கு செலவு பண்ண ஜாக் வாக்கர் அந்த ஊர்லயே பொறந்தவரு, கிளப்போட ஈவுட் பார்க் ஸ்டேடியம் வாசல்ல அவருக்கு சிலை இருக்கு. பஞ்சாலை எல்லாம் மூடிப்போன ஊருக்கு மிச்சம் இருக்கிறது 1875ல ஆரம்பிச்ச இந்த கிளப்தான், 31,000 பேர் உக்கார்ற கிரவுண்டு பாதி காலியா கிடக்குறத டிவில பாக்கும்போது வயிறு எரியுது.

2025 மே மாசம் பொண்ணுங்க டீம இரண்டாவது டிவிஷன்ல இருந்து வாபஸ் வாங்குனது எனக்கு இன்னும் ஆறல. இவ்ளோ பெரிய குரூப்ப நடத்துற பொம்பளை நீங்க, அந்த பொண்ணுங்கள நேர்ல கூப்பிட்டு ஏன் இந்த முடிவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.

கிளப்ப வித்துடுங்கன்னு நான் கேக்கல. ஒரு சனிக்கிழமை மேட்சுக்கு போங்க, முடிஞ்சதும் ஒரு ஹால்ல ரசிகர்கள உக்காரவச்சு கேளுங்க. திட்டுவாங்க, கண்டிப்பா திட்டுவாங்க, எங்க ஊர் பண்ணைக்காரங்களும் உங்க அப்பாவ எடுத்தவுடனே நம்பியிருக்க மாட்டாங்க, ஆனா அவரு எதிர்லயே உக்காந்து இருந்தாரு.