சம்பந்தியம்மா கையெழுத்துப் போடட்டும்

கண்ணு,

உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று உன் மாமியார் எழுதிவைக்க நினைப்பதும், மாப்பிள்ளை தயங்குவதும் தெரிந்தது. அவர் தயக்கம் புரிகிறது. பெற்றவர்களுக்குக் கடைசி மூச்சுவரை வைத்தியம் பார்ப்பதே பிள்ளையின் கடமை என்று சொல்லி வளர்க்கிற நாடு தென் கொரியா. சட்டமும் பயமுறுத்தியது. மனைவி கேட்டாரென்று 1997இல் செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய சியோல் மருத்துவர்கள், கொலைக்கு உடந்தை என்று 2004இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகு யார் துணிந்து குழாயைக் கழற்றுவார்கள்? 2009இல் ஒரு மூதாட்டியின் குடும்பத்தார் தொடுத்த 'கிம் பாட்டி' வழக்கில் வென்டிலேட்டரை எடுக்க அதே நீதிமன்றம் அனுமதித்ததும்தான் வழி பிறந்தது. 2018 பிப்ரவரியிலிருந்து இதற்கென்று சட்டமே இருக்கிறது.

எழுதுவது எளிது. 19 வயது நிரம்பியிருந்தால் போதும், கட்டணம் கிடையாது. அடையாள அட்டையோடு அத்தையே நேரில் போக வேண்டும்; அவருக்காக நீங்கள் எழுத முடியாது. அரசு சுகாதார மையத்திலோ, தேசிய சுகாதாரக் காப்பீட்டுக் கிளையிலோ ஆலோசகர் விளக்கிச் சொல்லிப் பதிவுசெய்வார். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

மாப்பிள்ளையிடம் இதை அழுத்திச் சொல்: நிறுத்துவது நெஞ்சை அழுத்தி உயிரூட்டுவது, வென்டிலேட்டர், டயாலிசிஸ், கீமோ, இதயம் நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ கருவி போன்றவற்றைத்தான். வலி மருந்து, உணவு, தண்ணீர், சாதாரண ஆக்சிஜன் ஆகியவற்றை நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். கையெழுத்துப் போட்டதாலேயே எதுவும் நடக்காது. மீள வழியில்லை, மரணம் நெருங்கிவிட்டது என்று சிகிச்சை தரும் மருத்துவரும் அத்துறை நிபுணர் ஒருவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். நினைவின்றிக் கிடப்பது மட்டும் இதில் சேராது. அதோடு, இத்தகைய முடிவுகளைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு உள்ள மருத்துவமனையில்தான் இதை நிறைவேற்ற முடியும். முதியோரை நீண்டநாள் வைத்துப் பார்க்கும் பராமரிப்பு மருத்துவமனைகள் பலவற்றில் அந்தக் குழு இல்லை. சேர்ப்பதற்கு முன் முதலில் இதைக் கேளுங்கள்.

எழுதாமல் விட்டால் பாரம் பிள்ளைகள் தலையில்தான். அவர் விருப்பம் இதுதான் என்று குடும்பத்தில் இருவராவது ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அதுவும் தெரியாவிட்டால் எல்லோரும் ஒருமித்துச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். மருமகள் என்பதால் உன் சொல் அந்தக் கணக்கில் வராது.

சாவுப் பேச்சு அபசகுனம் என்று மாப்பிள்ளை நினைக்க வேண்டாம். சந்திர நாட்காட்டியில் கூடுதல் மாதம் வரும் ஆண்டில், உயிரோடிருக்கும் பெற்றோருக்கே சணல்துணியில் இறுதி உடை தைத்துவைப்பது அவர்கள் ஊர் வழக்கம்தானே? அந்தத் தையலில் நூலுக்கு முடிச்சுகூடப் போட மாட்டார்கள். இறுதிச் சடங்கில் வைக்கும் படத்தையும் பெரியவர்கள் திடமாக இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறார்கள்.

பதிவுக்குப் போகும்போது உன் நாத்தனாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். அத்தையின் விருப்பத்தை அவர் வாயாலேயே மாப்பிள்ளையும் அவளும் கேட்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா