நம் அலுவலக நீச்சல் சவாலை நீந்தத் தெரியாதவர்களுக்காக நடத்துங்கள்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறை மேலாளர் அவர்களுக்கும் ஊழியர் நலக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

அறக்கொடை திரட்டுவதற்காக நீச்சல் போட்டி நடத்தப்போவதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். ரத்ததான முகாம், மரக்கன்று நடுதல் என்று வழக்கமானவற்றோடு நின்றுவிடாமல் நீச்சலை நினைத்தீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் சுற்றறிக்கையில் இருக்கும் திட்டத்தை அப்படியே நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி, ஒரு சனிக்கிழமை, 100 மீட்டர் பந்தயம், நுழைவுக் கட்டணம் 1,000 ரூபாய், முதல் மூன்று இடங்களுக்குக் கோப்பை. இதுதான் திட்டம் என்றால் நீரில் இறங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பள்ளி நாட்களில் மாவட்டப் போட்டிகளுக்குப் போனவர்கள், குடியிருப்பு வளாகத்திலேயே குளம் வைத்திருப்பவர்கள் இறங்குவார்கள். மற்ற நூற்றுக்கணக்கானோர் நிழலில் நாற்காலி போட்டுக் கைதட்டிவிட்டு, மதிய உணவு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். யார் பங்கெடுக்கப்போகிறார்கள் என்பதைப் போட்டியின் வடிவமே தீர்மானித்துவிடுகிறது. பந்தயம் என்று அறிவித்த உடனேயே நீந்தத் தெரியாதவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். நம் அலுவலகத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை.

பந்தயத்தைக் கைவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து ஒரே தூரத்தைக் கடக்கலாம் என்பது என் வேண்டுகோள். நமக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள குறுகிய கடலான பாக் நீரிணை, அங்குள்ள தலைமன்னாரிலிருந்து இங்குள்ள தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1966இல் இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் கடந்தார். 1994இல் குற்றாலீசுவரன் கடந்தபோது அவருக்கு வயது 12தான். அதே ஆண்டில் மொத்தம் ஆறு நீரிணைகளை நீந்தி, ஓராண்டில் ஐந்து என்றிருந்த மிகிர் சென்னின் சாதனையையும் முறியடித்தார். அவர்கள் தனியாளாகக் கடந்த நீரிணையை நாம் நூறு பேராகக் குளத்திலேயே கடப்போம். குளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருமுறை கடப்பதை ஒரு நீளம் என்று வைத்தால், 25 மீட்டர் குளத்தில் 30 கிலோமீட்டர் என்பது 1,200 நீளம். நூறு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பன்னிரண்டு. ஆறு வாரங்களில் பன்னிரண்டு நீளம் என்றால், இன்றைக்குத் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிற ஒருவராலும் கடைசி வாரங்களில் எட்டக்கூடிய தூரம்தான். மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துக் கடந்தாலும் கணக்கில் சேர வேண்டும். நன்றாக நீந்துபவர்கள் கூடுதலாகப் போட்டு, பின்தங்கியவர்களின் பங்கை நிரப்பட்டும். உணவகத்துச் சுவரில் இரண்டு கரைகளையும் வரைந்து, ஒவ்வொரு வாரமும் எங்கே வந்திருக்கிறோம் என்று ஒரு கோடு நீட்டினால் போதும், கோப்பையே தேவைப்படாது.

நான் மாலை நேரங்களில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பொன்றில் பயிற்சியாளருக்கு உதவியாக இருக்கிறேன். முதல் நாள் எப்படி இருக்கும் என்பது போட்டி நடத்துபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் நாற்பது வயது மனிதர் கரை விளிம்பை விரல் மூட்டுகள் வெளுக்கும்வரை பற்றிக்கொண்டு நிற்பார். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை விடச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். இரண்டு நாள் குமிழி விட்ட பிறகு தலையைப் பின்னால் சாய்த்து மிதக்கச் சொல்லும்போது, பயிற்சியாளரின் உள்ளங்கை முதுகுக்குக் கீழே இருக்கும். கழுத்து தளரும் கணத்தில் தானாகவே வயிறு மேலே வரும், இடுப்பு எழும். பயிற்சியாளர் கையை எடுத்துவிட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் சிரிப்பார், சிரித்ததும் மூழ்குவார், எழுந்து மறுபடி படுப்பார். இப்படியொருவர் கடக்கிற முதல் 25 மீட்டருக்குத்தான் நம் நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊழியர்கள் திரட்டும் தொகைக்குச் சமமாக நிறுவனமும் தரும் என்கிறது சுற்றறிக்கை. அதற்குப் பதிலாக, நீந்தத் தெரியாமல் சேர்ந்து 25 மீட்டர் கடந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்துவிடுங்கள். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் தங்கள் பிரிவில் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்துக் குளத்துக்கு அழைத்து வருவார்கள்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுற்றறிக்கையில் ‘தகுதியான அறப்பணிக்கு’ என்று மட்டும் இருக்கிறது. குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் பணிக்கே அது போகட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் 2022இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். நம் ஊரில் கோடை விடுமுறை தொடங்கினால் இந்தச் செய்தி வராத வாரமே கிடையாது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டை, மண் அள்ளிய பள்ளம் இருக்கும் ஏரி, தடுப்பணை, கோயில் குளம், கடற்கரை. பல நேரங்களில் ஒருவனோடு நிற்பதில்லை. வழுக்கி விழுந்தவனைக் காப்பாற்ற அண்ணன் குதிப்பான், இருவரையும் இழுக்கத் தோழன் குதிப்பான், மூன்று உடல்களாகக் கரையேற்றுவார்கள். குதிக்காமல் ஒரு கம்பையோ சேலையையோ நீட்டியிருந்தால், காலித் தண்ணீர்க் கேனை வீசியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமத்தில் இதைச் சொல்லித்தரத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. முதுகில் சுரைக்குடுக்கையோ இடுப்பில் கயிறோ கட்டி மாமாவோ சித்தப்பாவோ கிணற்றில் இறக்கிவிடுவார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடித்திருப்பார்கள். கிணறுகள் வற்றின, தூர்ந்தன. ஆழ்துளைக் குழாய் வந்தது. இறங்கிப் பழக இடமில்லாமல் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு மழைக்காலத்தில் மட்டும் நிறையும் பள்ளங்களில் முதன்முறையாகத் தண்ணீரைப் பார்க்கிறார்கள். பெண் குழந்தைகளுக்கு அந்தக் கிணற்று நீச்சலும் பல ஊர்களில் வாய்த்ததில்லை.

வழி இல்லாமல் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் ஆபத்தில்லாத மீட்பு முறையும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. வங்கதேசத்தில் நீச்சல் குளம் கட்டக் காத்திருக்கவில்லை. ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை அமைத்து, ஆழத்தை அளவோடு வைத்து, உள்ளூர் இளைஞர்களையே பயிற்சியாளர்களாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நாம் தேர்ந்தெடுக்கும் தொண்டு நிறுவனத்திடம் ‘எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்தீர்கள்’ என்று கேட்பதோடு விடக் கூடாது. எத்தனை பிள்ளைகள் துணையின்றி மிதக்கிறார்கள், எத்தனை பேர் 25 மீட்டர் நீந்துகிறார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பெண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்களா, குழந்தைகளோடு தனியாக ஒரே பெரியவரை விடுவதில்லை என்ற விதி இருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கணக்குத் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நிகழ்ச்சிச் செலவை நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின் சமூகப் பொறுப்புச் செலவில் (சி.எஸ்.ஆர்.) காட்டிவிடலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. வெளிநாட்டுக் கிளைகளில் இருக்கும் சக ஊழியர்களும் பங்களிக்க விரும்புவார்கள். அந்நாட்டுக் குடிமக்களிடமிருந்தோ அங்குள்ள தாய் நிறுவனத்திடமிருந்தோ நன்கொடை வாங்க வேண்டுமென்றால் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணம் வந்து சேர்ந்த பிறகு இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விடுதியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் பாதுகாப்பு. விடுதிக் குளம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பல இடங்களில் நீளம் ஒழுங்காக இருக்காது, கரையில் நிற்பவர் துண்டு கொடுக்கிற பணியாளராக இருப்பார். நமக்குத் தேவை, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் இருக்கும் முறையான பயிற்சிக் குளம். அந்த நேரம் முழுவதும் அவர்களுக்குத் தண்ணீரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது. நீளம் எண்ணுவதற்கும் படம் எடுப்பதற்கும் நாங்கள் இருக்கிறோம். மூழ்குகிறவர் திரைப்படத்தில் போலக் கையாட்டிக் கூப்பிடுவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சிழுக்கவே போதாது, கத்த முடியாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பத்துப் பேர் இருந்தாலும், பார்ப்பதற்கென்றே ஒருவர் இல்லாவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். தினமும் இறங்குவதற்கு முன்பு குளத்தின் ஆழமான பகுதியில் நின்று கீழே பாருங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடியின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தண்ணீர் கலங்கித் தெரியவில்லையென்றால் அன்றைக்குக் குளம் மூடப்பட வேண்டும். அந்தக் கலங்கலில் மூழ்கிக் கிடக்கும் ஆளும் தெரியமாட்டார்.

மூச்சை அடக்கி யார் அதிக தூரம் போவது என்கிற விளையாட்டை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற தவிப்பே தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இது நேர்கிறது. இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். அந்த விவரம் பயிற்சியாளரோடு நிற்கட்டும், மேலதிகாரியின் மேசைக்குப் போக வேண்டாம். ஆறு வாரங்களில் ஒரு நாள் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி வையுங்கள். திடீரென்று இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தினால் போதும் என்று பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன், அதனால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் அலுவலகப் பெண்களிடம் நான் பேசிப் பார்த்ததில் நீச்சல் பழக ஆசைப்படாதவர் ஒருவரும் இல்லை, சனிக்கிழமைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க முன்வந்தவரும் இல்லை. பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்சியாளர், முழங்கால் மூடும் நீச்சலுடைக்கு அனுமதி, குளத்தருகே கைப்பேசிக்குத் தடை. இந்த நான்கையும் எழுத்தில் உறுதி செய்தால் பட்டியல் நிறைந்துவிடும். சம்மதம் கேட்காமல் யாருடைய படத்தையும் நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களில் போடக் கூடாது.

துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள், ஓட்டுநர்கள், உணவகத்தில் வேலை செய்யும் தம்பிமார் ஆகியோரின் பெயர்கள் சுற்றறிக்கை போகும் மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதால் விட்டுப்போயிருக்கலாம். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வளர்ந்து, நம்மில் யாரையும்விட நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். பணி நேரத்தைச் சரிசெய்து, சம்பளத்தில் கைவைக்காமல் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் யாருக்கும் வேண்டாம். நன்கொடைப் பட்டியலைப் பிரிவுத் தலைவர் கையில் கொடுத்து மேசை மேசையாக அனுப்பவும் வேண்டாம். மேலதிகாரி வந்து நிற்கும்போது இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தொண்டு நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும். ‘ஒரு நீளத்துக்கு இவ்வளவு’ என்று வாக்குறுதி வாங்குவதையும் தவிர்த்து, மொத்தமாக ஒரு தொகையாகவே வாங்குவோம். இல்லாவிட்டால் களைத்துப்போன பிறகும் பணத்துக்காக இன்னொரு நீளம் போகத் தோன்றும்.

நாள் குறிப்பது எளிது. ஏப்ரல், மே மாதங்களில் கோடைகால வகுப்புகளால் எல்லாக் குளங்களும் நிரம்பி வழியும். ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் குறையும், வடகிழக்குப் பருவமழைக்கும் நிறைய நாள் இருக்கும். ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் அறிவித்திருக்கிறது. ஜூன் நடுவில் தொடங்கினால் அந்த நாளுக்குள் தனுஷ்கோடி சேர்ந்துவிடலாம்.

விடுதிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று அறிகிறேன். கட்டுவதற்கு முன்பு குழுவின் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள். எங்கள் வகுப்பின் பயிற்சியாளர் குளத்து வாடகை, காலி நேரங்கள், பெண் பயிற்சியாளர்களின் விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சம்மதித்திருக்கிறார். கூட்டத்துக்குக் காவலர்கள் தரப்பிலிருந்தும் துப்புரவுப் பணியாளர்கள் தரப்பிலிருந்தும் ஒருவரை அழையுங்கள்.

அன்புடன்,
தர உறுதிப் பிரிவிலிருந்து ஓர் ஊழியர்