பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்

கடலூர்,
ஞாயிறு இரவு.

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியில் உன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைத் தொலைபேசியில் சொன்னாய். உடனே வந்து பார்க்கிறேன் என்றவன் வரவும் இல்லை, பிறகு ஒரு கடிதம் எழுதவும் இல்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. ஆனால் இன்று அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், மாதிரி விமானத்தைத் தரையிலிருந்து இயக்கும் உன் புதிய டிரான்ஸ்மிட்டருக்கு 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கப் போகிறாய் என்று வாத்தியார் சொன்ன செய்திதான். தயவுசெய்து பணம் கொடுத்துவிடாதே.

போன ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் மோட்டார் கிளைடர் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டேன். புறப்படும் முன் மல்டிமீட்டரில் பார்த்தபோது என் டிரான்ஸ்மிட்டரின் எட்டு நிக்கல் செல்களும் சேர்ந்து 10.1 வோல்ட் காட்டின. மூன்று வாரத்துக்கு முன் சார்ஜ் ஏற்றியவை என்றாலும், அந்த எண்ணைப் பார்த்துப் போதும் என்று நம்பினேன். பன்னிரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, டிரான்ஸ்மிட்டரின் திரை அணைந்துவிட்டது. எச்சரிக்கை ஒலி முன்பே வந்திருக்க வேண்டும். அலை இரைச்சலிலும் காற்றிலும் எனக்குக் கேட்கவில்லை. சிக்னல் அறுந்ததும் விமானத்தில் உள்ள ரிசீவர் மோட்டாரை நிறுத்திவிட்டது. ஆனால் விமானம் கடற்காற்றோடு மேற்கே சாய்ந்து, பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் கடந்து, சவுக்குத் தோப்பில் போய் மோதியது. இறக்கை ஒடிந்ததைப் பற்றி நான் வருந்தவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கு நம் சின்னவனின் வயதுதான் இருக்கும். அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது செல்கள் மறுபடியும் 10 வோல்ட் காட்டின. அதை இயக்கிவிட்டு அளந்தபோது 8.4க்கு இறங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலும் சரிந்தது. லோடு இல்லாமல், அதாவது கருவியை இயக்காமல், அளப்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதை இத்தனை வருடம் கழித்துக் கற்றுக்கொண்டேன். எட்டில் ஒரு செல் மட்டும் லோடில் 0.6 வோல்ட்டுக்குப் போய்விட்டது. அது எப்போதோ வேறு ஒரு தொகுதியிலிருந்து எடுத்துப் போட்ட பழைய செல். செல் கூட்டின் சுருள் கம்பிகளில் உப்புக்காற்றால் துரு ஏறியிருந்ததால் அங்கேயும் கொஞ்சம் வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. என் சார்ஜரும் இரண்டிரண்டு செல்லாகச் சேர்த்தே சார்ஜ் ஏற்றும் வகை. அதில் வலுவான செல் நிறைந்த பிறகும் வலுவற்றது பாதியில் நிற்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

நிக்கல் செல்லின் குணத்தையும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சாதாரண ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிச் சீராக இறங்கிக்கொண்டே வருவதால், எச்சரிக்கை ஒலிக்கும் செல் முழுதாகத் தீர்ந்துபோவதற்கும் இடையில் நிறைய நேரம் கிடைக்கும். ஆனால் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசியும். விடுதியில் உன் டேப் ரெக்கார்டரின் அடிப்பகுதியைத் தின்றதும் கசிந்த செல்தானே. நிக்கல் செல்லோ 1.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் நின்றுவிட்டு, கடைசியில் திடீரென்று விழும். சாதாரண நிக்கல் செல் சும்மா கிடந்தாலும், அதுவும் நம் ஊர் வெயிலில், வாரக்கணக்கில் சார்ஜை இழந்துகொண்டே இருக்கும். அதனால் இப்போது சார்ஜை நீண்ட காலம் தாங்கும் எனலூப் செல்கள் எட்டை ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, தனித்தனியாக ஏற்றும் சார்ஜரில் போடுகிறேன். என் டிரான்ஸ்மிட்டர் ஏறத்தாழ 200 மில்லி ஆம்பியர் இழுக்கிறது; செல் 1900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளும். கணக்குப்படி ஒன்பது மணி நேரம் வர வேண்டும், ஆனாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் நம்பமாட்டேன். எச்சரிக்கை அளவையும் செல்லுக்கு 1.15 என்று கணக்கிட்டு 9.2க்கு உயர்த்திவிட்டேன்.

இனி உன் விஷயம். நீ எதையும் ஒரு அளவு கூடுதலாகத்தான் வாங்குவாய், பஜ்ஜி வாணலி சாட்சி. ஆனால் உன் டிரான்ஸ்மிட்டர் இரண்டு 18650 லித்தியம் செல்களுக்காகச் செய்தது என்று வாத்தியார் சொல்கிறார். இரண்டும் சேர்ந்து 7.4 வோல்ட், முழுதாக ஏறினால் 8.4. நீ வாங்க நினைக்கும் மூன்று செல் பேட்டரி முழுதாக ஏறினால் 12.6. அதிக வோல்ட் கொடுத்தால் சிக்னல் தூரமாகப் போகும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் தேவையான வோல்ட்டை மட்டுமே சுற்றுக்குக் கொடுக்கும் என்பதால் தூரம் ஒரு அடிகூடக் கூடாது. அளவை மீறிய வோல்ட்டால் அது சூடாகிக் கருகத்தான் வழி உண்டு.

18650 வாங்கும்போதும் கவனமாக இரு. மேலே 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டு மலிவாக விற்பவை போலி. அந்த உருவளவுள்ள நல்ல செல் ஏறத்தாழ 3500தான் கொள்ளும். 18650 என்ற எண்ணிலேயே 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் இருக்கின்றன. பாதுகாப்புச் சுற்று வைத்த செல் அதைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். கூட்டில் நுழையுமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்கு. ஒரு மாதம் பறக்கவிடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் எடுத்து வை. அக்கினி நட்சத்திரத்தில் காருக்குள் மட்டும் விட்டுவிடாதே.

வரும் சனிக்கிழமை காலைப் பேருந்தில் மல்டிமீட்டரையும் என் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு அங்கு வருகிறேன். இம்முறை கட்டாயம் வருவேன். அதற்குள் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்