குடத்துக்கு ஒரு ஆள்

தோவாளை,
பங்குனி 5

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய நாலு வரி கிடைத்தது. அங்கே நீங்கள் நடத்தும் ஆசிய மரபு விழாவில் எட்டு நிமிட வில்லுப்பாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய், குடத்துக்கு ஆளில்லை என்கிறாய். வேறொன்றும் இல்லை. கீழே வல்லதும் விட்டுப்போச்சா என்று அம்மை போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

கேட்டதற்குச் சொல்லுகிறேன். எட்டு நிமிடத்துக்கு ஒத்துக்கொள்ளாதே, பன்னிரண்டு கேள். தொடக்கத்தில் காப்புப் பாட்டுக்கு ஒரு நிமிடம், முடிவில் வாழிப் பாட்டுக்கு ஒன்று போனால் கதைக்குப் பத்தாவது மிஞ்ச வேண்டும். குடத்தைக் கட்டி நாணேற்றவும் பத்து நிமிடம் பிடிக்கும். இடைவேளை முடிந்ததும் முதல் நிகழ்ச்சியாக வாங்கு. நடனக் கோஷ்டிக்குப் பின்னால் அவசரமாக ஏறினால் நாண் தளர்ந்து நிற்கும், நாணை அடிக்கிற வீசுகோல் பட்டாலும் வில்லின் மணி குலுங்காது.

நம் வில் பனை வைரம், பத்தடிக்கு மேல். விமானத்தில் ஏறாது. அங்கே முற்றிய மூங்கில் வாங்கி நாலைந்து நாளாகப் பையப் பைய வளை. ஒரே மூச்சில் வளைத்தால் கணுவில் கீறிவிடும். தோல் நாணுக்குப் பதில் நைலான் கயிற்றை முறுக்கிக் கட்டு. நாதம் குறையும், மணி ஈடுகட்டும். மணி, வீசுகோல், உடுக்கை மூன்றையும் அனுப்புகிறேன். உடுக்கையை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, தோல் வறண்டு வெடிக்கும்.

குடம் கம்பளத்தில் உட்காரக் கூடாது. புரிமணை வேண்டும், பழைய சேலையை முறுக்கிச் செய்துகொள். குடத்தின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி மைக். வில்லில் மைக் கட்டாதே, மணி பாட்டை விழுங்கிவிடும். மறுபடி சொல்லுகிறேன், வில்லில் கட்டாதே.

ஆசிய மரபு மாதம் மே என்றாலும், வகுப்பு முடிந்துவிடும் என்று ஏப்ரலிலேயே நடத்துகிறோம் என்று போன வருஷம் சொன்னாய். அத்தனை நாட்டுப் பிள்ளைகளை ஒரே மேடையில் ஏற்றுகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் நோட்டீசில் ‘இந்தியக் கலை’ என்று மொட்டையாகப் போடாதே. வில்லுப்பாட்டு, கன்னியாகுமரி, திருநெல்வேலி என்று போடு. திரையில் மொழிபெயர்ப்பு ஓட்டினால் சனம் திரையைத்தான் பார்க்கும். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதோடு நிற்காமல், பிறகு என்ன ஆச்சு என்று ஆங்கிலத்தில் கேட்கட்டும். நீ பதில் சொல்லு. கோயில் கொடை விழாவிலும் சனத்தின் சந்தேகத்தை அவர்தானே கேட்கிறார்.

சுடலைமாடன் கதை வேண்டாம். அது சாமியை அழைக்கிற பாட்டு, அரங்கத்தில் காட்டுகிறதில்லை. முத்துப்பட்டன் எடு. பிராமணப் பிள்ளை. அருந்ததியர் வீட்டுப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்குப் பூணூலை அறுத்தான், குடுமியைக் களைந்தான், செருப்புத் தைத்தான். மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தான். அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர், காட்டில் கிடந்ததை எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு சேர்க்கை உண்டு. அதைப் பாடாதே. பின்னால் ஒட்டவைத்தது அது. அதைச் சேர்த்தால், அவன் எதைக் கழற்றி எறிந்தான் என்பதற்கே பொருளில்லை.

நான் அதைச் சேர்த்துத்தான் பாடினேன். விழாக்குழுவார் முகம் சுளிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கொடையிலும் சேர்த்தேன். கார்த்திகையில் போனில் ‘பையன் என்ன ஆட்கள்’ என்று உன்னிடம் கேட்டதும் அதே வாய்தான் மக்களே. பெயர் என்ன என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை, எனக்கும் எடுத்துப் பேசத் தைரியம் வரவில்லை.

குடத்துக்கு ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பையனுக்குத் தாளம் நிற்குமா? நிற்குமென்றால் உட்காரவை. ஒரு கையில் குடத்தை அடிக்கிற பாளை மட்டை, அதுதான் பத்தி; மறு கையில் காசு. பத்தியால் குடத்தின் வாயில் அடித்த கையோடு எடுத்துவிட வேண்டும். அழுத்தி வைத்தால் நாதம் அடைத்துப்போகும். காசை வயிற்றில் தட்டட்டும், கழுத்தில் தட்டினால் விரிசல் விடும். முதல் வாரம் பத்தி மட்டும் பழகட்டும், காசு பிறகு. எட்டு நிமிடத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

கமுகம்பாளையில் இரண்டு பத்தி வெட்டிக் காயப்போட்டிருக்கிறேன். அவன் கை பெரிதா சிறிதா என்று எழுது. பிடியை அதற்குத் தக்கபடி செதுக்க வேண்டும். பெயரையும் எழுது.

அப்பா