மைதானத்துக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு குடுங்க

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் விளையாட்டுப் பக்கத்துல கோல்ஃப் போட்டி பத்திப் போட்டிருந்தீங்க, யாரு ஜெயிச்சா, எவ்வளவு பரிசுன்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா அந்த ஆட்டத்துக்குத் தரைய உண்டாக்குன ஒரு மனுஷனப் பத்தி நம்ம தமிழ் பேப்பர்ல நான் ஒரு வரி கூட படிச்சதில்ல, அதான் எழுதுதேன். எங்கப்பா பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல முப்பது வருஷம் கிரவுண்டப் பாத்துக்கிட்டவரு, அதனால இந்த மனுஷன் கதைய என்னால சும்மா படிச்சிட்டுப் போக முடியல.

பேரு டாம் மோரிஸ். மகன் பேரும் டாம், அதனால இவர ஓல்டு டாம்ம்பாங்க. 1821ல ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல, நம்ம வீரவநல்லூர் மாதிரி தறி ஓடுற ஒரு வீட்டுல பொறந்தாரு. சின்னப்புள்ளைல கார்க் மூடியில ஆணிய அடிச்சு அதையே பந்தா வச்சு தெருவுல அடிச்சு விளையாடிருக்காரு. அப்புறம் ஆலன் ராபர்ட்சன்னு பெரிய ஆட்டக்காரர், அவர்கிட்ட பந்து செய்யுற வேலைக்குச் சேர்ந்தாரு. அப்போ பந்துன்னா தோலுக்குள்ள அவிச்ச இறகத் திணிச்சுத் தைக்கணும், ஒரு நாளைக்கு மிஞ்சிப்போனா மூணு நாலு பந்துதான் செய்ய முடியும். அந்த சமயத்துல மலாயா காட்டு மரத்துப் பால்ல செஞ்ச கட்டா பெர்ச்சா பந்து வந்துச்சு, விலை கம்மி, உடைஞ்சா உருக்கித் திரும்ப உருட்டிக்கலாம். நம்ம பொழப்பு போயிருமேன்னு ஆலனுக்கு ஆத்திரம். டாம் அந்தப் பந்துல ஆடுறத ஆலன் பாத்துட்டாரு, அதோட ரெண்டு பேருக்கும் முறிஞ்சு போச்சு.

1851ல ஸ்காட்லாந்துலயே பிரஸ்ட்விக்ங்கற ஊருக்குப் போயி கடலோர மணல் மேட்டுல, பந்து விழ 12 குழி வச்சு மைதானம் போட்டாரு. நம்ம உடன்குடிப் பக்கம் தேரி கெடக்குல்லா, அது மாதிரி வெள்ளாமைக்கு ஆகாத நிலம்தான். 1860ல ஓபன்னு சொல்ற பெரிய கோல்ஃப் போட்டி முதல்ல அங்கதான் நடந்துச்சு, ஆடுனது மொத்தமே 8 பேரு, இவரு ரெண்டாவது. அப்புறம் 1861, 62, 64, 67ன்னு நாலு தடவை ஜெயிச்சாரு. கடைசியா ஜெயிக்கும்போது வயசு 46, இத்தனை வயசுல ஓபன் ஜெயிச்சவங்க இன்னைக்கு வரைக்கும் வேற யாருமில்ல.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பெருசாத் தெரியுறது அவரு தரையப் பாத்துக்கிட்ட விதம். செயின்ட் ஆண்ட்ரூஸ்க்குத் திரும்பி வந்து 1903 வரைக்கும், 82 வயசு வரைக்கும், அங்க மைதானத்துக்குப் பொறுப்பா இருந்தாரு. புல்லு மேல மணலத் தூவுங்க, இன்னும் தூவுங்கன்னு வேலையாட்கள விரட்டிக்கிட்டே இருப்பாராம். மணல் போட்டா பள்ளம் நெரவும், தண்ணி தேங்காது, வேரு தாராளமா இறங்கும். எங்கப்பாவும் இதத்தான் செஞ்சாரு, மாட்டு வண்டில ஆத்து மணல் வந்து எறங்குன உடனே சல்லடைல சலிச்சு, கோல்போஸ்ட் முன்னாடி தேஞ்ச எடத்துல கையாலயே தூவுவாரு. யாரும் சொல்லிக்குடுக்கல.

ஸ்காட்லாந்துல மியூர்ஃபீல்டு, அயர்லாந்துல லஹிஞ்ச்னு எத்தனையோ மைதானத்துக்கு அவருதான் கோடு போட்டாரு, அதுக்கு வாங்குன கூலி நாளைக்கு அந்த ஊர்க் காசுல ஒரு பவுண்டாம், போக்குவரத்துச் செலவு தனி. மகன் 1868ல இருந்து நாலு ஓபன் ஜெயிச்ச வீரன், 1875ல பொண்டாட்டியும் பிறந்த குழந்தையும் போயி, சில மாசத்துல கிறிஸ்துமஸ் அன்னைக்கு 24 வயசுல அவனும் போயிட்டான். அதுக்கப்புறமும் இந்தப் பெரியவரு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருந்து மண்ணக் கொத்திக்கிட்டிருந்தாரேன்னு நெனச்சா நெஞ்சு அடைக்கு.

ஞாயித்துக்கிழமை யாரையும் ஆட விடமாட்டாரு. உங்களுக்கு ஓய்வு வேண்டாம்னாலும் தரைக்கு வேணும்னு சொல்லுவாராம். பெரிய போட்டி நடந்தாத் தவிர இன்னைக்கும் அந்தப் பழைய மைதானத்துல ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்க்காரங்க நடந்து காத்து வாங்கலாம், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல என்ன நடக்குன்னு பாருங்க. எங்கப்பா ரிட்டயர் ஆன அடுத்த வருஷமே அந்த கிரவுண்டுல பொருட்காட்சிக்கு விட்டாங்க, பந்தக்காலுக்குக் குழி தோண்டுனாங்க, மழை பேஞ்ச ஈரத்துல லாரி எறங்குச்சு. அப்பா கேட்டுக்கிட்டுப் போயி நின்னாரு, உங்க வேலை முடிஞ்சிட்டுல்லான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இப்போ அங்க ஓடுற பிள்ளைக கணுக்கால் பெசகி வருதுக.

மைதானத்த வாடகைக்கு விடுறவங்க யாரா இருந்தாலும் திங்கக்கிழமை ஒரு நாள் பூட்டுங்க, மழை பேஞ்ச மறுநாள் வண்டிய உள்ள விடாதீங்க, பந்தல் பிரிச்ச உடனே குழிய மண்ணு போட்டு இடிச்சு மூடுங்க, அந்தக் காச வாடகையோட சேத்தே வாங்குங்க. அண்ணாச்சி, நீங்களும் அடுத்த தடவை போட்டிச் செய்தி போடும்போது அந்தத் தரையப் பாத்துக்கிட்டவரு பேரையும் ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
கிரவுண்டுக்காரர் மகன்,
பாளையங்கோட்டை.