நேற்று 612 காலடி

கண்ணா,

நேற்று ராத்திரி நீ மூன்று தடவை போன் செய்திருக்கிறாய். நான் தூங்கிவிட்டேன். "உன் பையன் 612-ஐப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறான்" என்று காலையில் அப்பா சொன்னார். நீ வாங்கித் தந்த வாட்ச் என் காலடிக் கணக்கைத் தினமும் உனக்கு அனுப்பிவிடுகிறது. பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பார்க்கத் தெரிந்து பார்.

அந்த வாட்ச் காலைப் பார்ப்பதே இல்லை. கை அசைவை வைத்துக் காலடியை ஊகிக்கிறது. இப்போது நான் வாக்கரைப் பிடித்துத்தான் மெதுவாக நடக்கிறேன். கை வீசுவதற்கே வழியில்லை, அதனால் பாதி நடை கணக்கில் விழுவதில்லை. ஆனால் உட்கார்ந்தபடி துணி மடித்த அன்று சில காலடிகள் ஏறியிருந்தன! 10,000 என்ற இலக்கையும் தூக்கிப் போடு. 1965-ல் ஜப்பானில் ஒரு காலடிமானியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது. நுரையீரல் புற்றுநோய்க்காரிக்கு யாரும் கணக்குப் போட்டு வைத்ததில்லை.

இன்னொன்று, நேற்று மருந்து ஏற்றி நான்காம் நாள். எனக்கு 21 நாளுக்கு ஒரு சுற்று. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை கைகால் இரும்பாகக் கனக்கும், பிறகு மெல்ல மெல்ல ஏறி வருவேன். எண்ணைப் பார்க்கும்போது சுற்றில் அது எத்தனையாவது நாள் என்றும் பார். நான்காம் நாளை நான்காம் நாளோடு ஒப்பிட வேண்டும், முந்தின வாரத்து நல்ல நாளோடு அல்ல.

சரி, உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

டாக்டர் ஒவ்வொரு முறையும் "வீட்டில் எப்படி நடமாடுகிறீர்கள்?" என்று கேட்பார். நலம் விசாரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது மார்க் போடும் கேள்வி. ஈகாக் அளவுகோல் என்பார்கள், 0 முதல் 5 வரை. 0 என்றால் பழையபடி எல்லாம் செய்கிறவர், 5 என்றால் ஆள் இல்லை. 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் சூட்சுமம்: விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடினால் 2, பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிந்தால் 3. எந்த மருந்தை உடம்பு தாங்கும் என்று முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அது தெரிந்த பிறகு, மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், "நாள் முழுக்க ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கிறேன் டாக்டர்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்தில் அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறு நிமிட நடைப் பரிசோதனையிலும் நன்றாகவே செய்தேன். 30 மீட்டர் நடைபாதையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். ஸ்டாப்வாட்சோடு ஒருவர் நின்றால் யாருக்கும் வீம்பு வரும். பரீட்சையன்று மட்டும் படித்து மார்க் வாங்கும் பிள்ளைகளை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! என்னால் எவ்வளவு முடியும் என்பதை அது காட்டும். தினமும் எவ்வளவு செய்கிறேன் என்பது வேறு கணக்கு.

பிறகு ஒரு வாரத்துக்குத் தொடையில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி அனுப்பினார்கள். தொடையில் ஏன் என்று கேட்டேன். உட்கார்ந்தாலும் படுத்தாலும் தொடை கிடையாக இருக்கும், நின்றால் செங்குத்தாக இருக்கும், அந்தக் கோணத்தை வைத்தே கருவி பிரித்துவிடுமாம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம். முதல் நாள் அதற்குப் பயந்து வீட்டை வீணாகச் சுற்றினேன். மூன்றாம் நாள் அதை மறந்தே போனேன். ஒரு நாள் கணக்கு போதாது என்று ஏழு நாள் ஒட்டுவதும் இதனால்தானோ என்னவோ.

முடிவு வந்தது. சராசரியாக விழித்திருந்தது 15 மணி நேரம். அதில் உட்கார்ந்தும் படுத்தும் 10 மணி 50 நிமிடம். நின்றது மூன்றரை மணி, நடந்தது 40 நிமிடம். காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் திட்டவில்லை. "எப்போதிலிருந்து இப்படி?" என்று மட்டும் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருந்தது. மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாம். அதற்குச் சிகிச்சை கொடுத்து, அடுத்த சுற்றை ஒரு வாரம் தள்ளி, மருந்தின் அளவையும் கொஞ்சம் குறைத்தார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் முன்பே நடந்திருக்கும்.

இப்போது ஒரு நோட்டில் நானே எழுதுகிறேன். குளித்தது, மாடிப்படி ஏறியது, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூச்சு எவ்வளவு வாங்கியது என்று 0-லிருந்து 10-க்குள் ஒரு எண். நேற்றுக் குளித்ததற்கு 6 போட்டிருக்கிறேன். எந்த வேலைக்கு உடம்பு எவ்வளவு உழைக்கும் என்று போட்ட பட்டியல்கள் குளியலை லேசான வேலை என்றுதான் சொல்லும், அதெல்லாம் திடகாத்திரமானவர்களை வைத்துப் போட்டது. உன் வாட்சுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார்.

அப்புறம், வாட்சை இன்று காலை கணுக்காலில் கட்டிப் பார்த்தேன். மெதுவான நடையைக்கூட விடாமல் எண்ணுகிறது. நாடித்துடிப்பைத்தான் அங்கிருந்து ஒழுங்காகக் காட்டவில்லை. இன்றைக்கு எண் திடீரென்று கூடியிருந்தால் துள்ளிக் குதிக்காதே, நான் நேற்றைய அளவுக்குத்தான் நடந்தேன்.

அம்மா